பின் சக்கரத்துக்கு முப்பத்தொன்பது

மச்சாண்டார் அந்த அலாய் வீல்களை வாங்கி மாட்டியதிலிருந்து வீட்டில் வேறு பேச்சே இல்லை. கம்பெனி கொடுத்த பதினைந்து அங்குலச் சக்கரம் தள்ளுவண்டிச் சக்கரம் மாதிரி இருக்கிறது என்று ஒரு நாள் அவருக்குத் தோன்றிவிட்டது. தோன்றிய மறுவாரமே பதினேழு அங்குலத்தில், பளபளவென்று, நாலு சக்கரம் வந்து இறங்கியது. சக்கரம் பெரிதானால் அதைச் சுற்றி ஏறும் டயர் ஒல்லியாகத்தான் இருந்தாக வேண்டும், இல்லாவிட்டால் வண்டிக்குள் அடங்காது. அந்த ஒல்லி டயரைக் காலால் தட்டிக் காட்டி, "ரேஸ் கார்ல போடுறது" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். அது ஏழு பேர் உட்காரும் குடும்ப வண்டி. முன்சீட்டில் வயதான அப்பாவை உட்காரவைத்துக்கொண்டு யாரும் ரேஸ் ஓட்டியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இது அவருடைய தம்பி மனைவியின் கதை. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகளை நிறுத்தி எடை போடும் எடைமேடையில் அவளுக்குப் பன்னிரண்டு வருஷமாக வேலை. கண்ணாடி அறை, ஒரு கணினி, ஒரு மின்விசிறி, வெளியே தரையோடு தரையாக ஒரு பெரிய இரும்புத் தட்டு, அதற்கு எதிரே ஓட்டுநர் பார்க்கும் உயரத்தில் சிவப்பு எண்கள் ஓடும் பலகை. இதுதான் அவளுடைய ராஜ்யம். இந்த வேலையை வைத்து மச்சாண்டார் அவளுக்கு "கிலோ" என்று பெயர் வைத்தார். "கிலோ, காபில சர்க்கரை எத்தனை கிராம்?" என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொள்வார். வீடே அப்படிக் கூப்பிட ஆரம்பித்து, கடைசியில் அவளும் அந்தப் பெயருக்குத் திரும்பிப் பார்க்கப் பழகிவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் எல்லோரும் நாத்தனார் வீட்டுக்குக் கிளம்பினார்கள். நாலு மணி நேரப் பயணம். நாத்தனார் புது வீட்டுக்குக் குடிபோயிருந்தாள், குளியலறை மட்டும் பாதியில் நின்றிருந்தது. "தங்கச்சி பாத்ரூமுக்கு டைல்ஸ் நான் தர்றேன்" என்று மச்சாண்டார் வாக்குக் கொடுத்திருந்தார். தன் வீட்டுக்கு வாங்கி, நிறம் பிடிக்கவில்லை என்று அவர் மனைவி ஒதுக்கித் தள்ளிய டைல்ஸ்தான். எட்டுப் பெட்டி. கடைசி வரிசை சீட்டில் ஒரு பாதியை மடக்கி, அங்கே அடுக்கிப் பட்டை போட்டு இறுக்கிக் கட்டியாயிற்று. மறுபாதியில் கிலோவின் பத்து வயது மகள், மடியில் பையோடு, மூன்று மாதமாகக் காத்திருந்த முகத்தோடு உட்கார்ந்திருந்தாள். அத்தை மகளுடன் இரண்டு நாள் ஆட்டம் போடுவது அவளுடைய திட்டம்.

கிலோ வண்டியில் ஏறவில்லை. பின்பக்கம் போய்க் குனிந்து டயரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். தரையைத் தொடும் இடத்தில் டயர் லேசாகப் பிதுங்கியிருந்தது. தடித்த டயர் பிதுங்கினால் பரவாயில்லை, அது அதன் சுபாவம். ஒல்லி டயர் பிதுங்குவது வெளியே தெரிந்தால் விஷயம் முற்றிவிட்டது என்று அர்த்தம்.

"அத்தான், பின்னாடி காத்து எவ்வளவு வச்சிருக்கீங்க?"

"முப்பத்திமூணு. நாலுக்கும்" என்றார் மச்சாண்டார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. "கதவுல ஸ்டிக்கர் ஒட்டியிருக்கு, படிச்சுப் பாரு. கம்பெனிக்காரன் ஒண்ணும் முட்டாளில்ல."

"கம்பெனிக்காரன் எழுதினது அவன் போட்டுக் குடுத்த டயருக்கு. அந்த டயர் நாலும் இப்ப உங்க ஷெட்ல போர்வை போத்திக்கிட்டுத் தூங்குது."

மாமனார் முன்சீட்டிலிருந்து களுக்கென்று சிரித்துவிட்டு, சிரித்தது தப்போ என்று பெரிய மகனைப் பார்த்தார். மச்சாண்டார் துணியை உதறினார்.

"இங்க வா. இந்த டயர் பக்கவாட்டுல என்ன எழுதியிருக்கு? தொண்ணூத்திமூணு. பழசுல என்ன இருந்துது? தொண்ணூத்திரெண்டு. அது எவ்வளவு வெயிட் தாங்கும்னு சொல்ற நம்பர். எது பெருசு? எடை போடுறவளுக்கு நான் சொல்லித் தரணுமா?"

அவர் சொன்ன எண்கள் இரண்டும் சரி. அதுதான் கொடுமை. பாதி படித்தவரோடு வாதாடுவது, படிக்காதவரோடு வாதாடுவதைவிடப் பத்து மடங்கு கஷ்டம். தொண்ணூற்று மூன்று என்றால் அந்த டயர் அறுநூற்று ஐம்பது கிலோ தாங்கும். பழையது அறுநூற்று முப்பது. புதுசு பலசாலிதான், சந்தேகமில்லை. ஆனால் அந்தப் பலம் நாற்பத்திரண்டு பவுண்டு காற்று வைத்தால்தான் வரும். பழைய டயருக்கு முப்பத்தாறே போதும். இரண்டிலும் வெறும் முப்பத்து மூன்று வைத்துப் பார்த்தால் கதை தலைகீழ்: பழையது ஐந்நூற்றுத் தொண்ணூறு தாங்கும், புதுசு ஐந்நூற்று நாற்பதுதான். நிறையச் சாப்பிட்டால்தான் மூட்டை தூக்குவேன் என்கிற ஆள் மாதிரி அது. இதெல்லாம் டயரோடு வந்த சிறு புத்தகத்தில் அட்டவணையாகவே போட்டிருந்தது. அந்தப் புத்தகம் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் வண்டியின் டாஷ்போர்டில் மாமனாரின் மூக்குக்கண்ணாடிக் கூட்டுக்கு அடியில் கிடந்தது. போன வாரம் வண்டியில் சும்மா காத்திருந்தபோது கிலோதான் பிரித்துப் படித்தாள். அந்த வீட்டில் எந்தச் சாமானோடும் வந்த புத்தகத்தைப் படித்த முதல் ஆள் அவளாகத்தான் இருக்கும்.

"பெரிய நம்பர்தான் அத்தான். ஆனா..."

"ஆனாவும் இல்ல, ஆவன்னாவும் இல்ல. ஏறு. நேரமாச்சு."

கிலோ தன் கணவனைப் பார்த்தாள். அவன் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தான். வீட்டில் ஏதாவது தகராறு என்றால் அவனுக்கு லேஸ் அவிழ்ந்துவிடும். "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்பதை அவன் பன்னிரண்டு வருஷத்தில் எத்தனை தடவை சொல்லியிருப்பான் என்பதற்கு அவளிடம் மட்டும்தான் கணக்கு இருந்தது.

இன்னொரு நாளாக இருந்தால் அவளும் ஏறி உட்கார்ந்திருப்பாள். வேலை செய்யும் இடத்தில் அவள் புலி. வண்டியை விட்டு இறங்காமல் ஏமாற்றுகிறவன், ஒரு சக்கரத்தைத் தட்டுக்கு வெளியே நிறுத்துகிறவன், எல்லாரையும் கண்ணாடிக்குள்ளிருந்தே அதட்டித் திருத்துவாள். வீட்டுக்கு வந்தால் வாயில் பூட்டுதான். ஆனால் எட்டு மாதம் முன்பு ஒரு சம்பவம் நடந்திருந்தது.

ஒரு சின்ன லாரி. அதிலும் இப்படித்தான் கம்பெனிச் சக்கரத்தைக் கழற்றிவிட்டுப் பகட்டான சக்கரம் மாட்டியிருந்தான். பாரத்தில் பின் டயர் பிதுங்கி நின்றதை அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். பார்த்தும், நமக்கேன் வம்பு, எடையைப் போட்டோமா சீட்டைக் கொடுத்தோமா என்று இருந்துவிட்டாள். மூன்று கிலோமீட்டர் தாண்டி டயர் கிழிந்தது. இரண்டு மாதம் கழித்து அந்த ஓட்டுநர் ஊன்றுகோலோடு, வேறொருவன் ஓட்டிய வண்டியில் வந்தான். திட்டவில்லை. "நீங்க அன்னிக்கு டயரைப் பாத்தீங்கக்கா. நான் உங்களையே பாத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டான். அவன் திட்டியிருந்தால்கூட அவள் தூங்கியிருப்பாள்.

அந்த ஒரு வார்த்தைதான் இப்போது அவள் தொண்டையில் நின்றது. பின் சக்கரத்துக்கு நேர் மேலே அவள் மகள் உட்கார்ந்திருந்தாள்.

"நான் ஏறலை" என்றாள் கிலோ. "குட்டி, நீயும் இறங்கு."

லேஸ் கட்டி முடித்தவன் மறுபடி அவிழ்த்தான். ஓரகத்தி, அதாவது மச்சாண்டாரின் மனைவி, கைப்பையை மூடித் திறந்தாள். மகள் "அம்மா, ப்ளீஸ்மா" என்று முனகினாள். அது மட்டும்தான் கிலோவுக்கு வலித்தது.

மச்சாண்டாருக்கு முதலில் கோபம் வந்தது. பிறகு, இவளை எல்லோர் முன்னாலும் ஒரேயடியாக அடக்கிவிடலாமே என்று ஒரு யோசனை வந்தது. அவர் சிரித்தபோதே அது தெரிந்தது.

"சரி. உன் ஆபீஸ் போற வழியிலதானே இருக்கு? வண்டியை அங்கயே ஏத்துறேன். எடை போட்டுக் காட்டு. ஆனா ஒண்ணு. எல்லாம் சரியா இருந்துதுன்னா, இனிமே என் வண்டியைப் பத்தி நீ வாயே திறக்கக் கூடாது."

"சம்மதம். அதுவரைக்கும் நாப்பதுக்கு மேல ஓட்டக் கூடாது."

"மாட்டு வண்டி மாதிரி போவோம், போதுமா?"

எடைமேடையில் ஞாயிற்றுக்கிழமை லாரி வராது. ஆனால் கதவுச் சாவி கிலோவின் கைப்பையில் தயாராக இருந்தது. முதலாளிக்கு முந்தின நாளே போன் செய்து அனுமதியும் வாங்கியிருந்தாள். அதைக் கேட்டதும் மச்சாண்டாரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "அப்ப நீ பிளான் போட்டுத்தான் வந்திருக்கே" என்றார். "ஆமா அத்தான்" என்றாள் அவள். ஒளிக்க அதில் என்ன இருக்கிறது?

அவள் இறங்கிப் போய் இயந்திரத்தை இயக்கிவிட்டு, திரும்பி வந்து நடுவரிசையில் தன் இடத்தில் உட்கார்ந்தாள். பயணத்தில் யார் யார் எங்கே இருப்பார்களோ, அப்படியே இருந்தால்தான் எடை உண்மை பேசும். எதிரே பலகையில் சிவப்பாகப் பூஜ்யம் எரிந்தது. முதலில் முன் சக்கரங்களை மட்டும் தட்டில் ஏற்றச் சொன்னாள்.

சிக்கல் மாமனாரிடமிருந்து வந்தது. "நான் வேணா இறங்கி நின்னுக்கறேனே" என்றார் அவர்.

"நீங்க இறங்கிட்டா அது நீங்க இல்லாத வண்டி மாமா."

"இல்லம்மா, வந்து... இது ஒவ்வொரு ஆளையும் தனித்தனியா காட்டுமா?"

அவர் டாக்டரிடம் நாலு வருஷமாக எண்பத்திரண்டு கிலோ என்று சொல்லிக்கொண்டிருந்தார். டாக்டரின் எடை மெஷின்தான் ரிப்பேர் என்று அவரையே நம்ப வைத்திருப்பதாக மாமனாருக்கு நினைப்பு. தனித்தனியாகக் காட்டாது என்று கிலோ உறுதி சொன்ன பிறகும், முன் சக்கரம் தட்டில் ஏறியதும் இரண்டு காலையும் மெல்லத் தூக்கிக்கொண்டார்.

"காலைத் தூக்கினா எடை குறையாது மாமா. லாரிக்காரங்களும் இதையேதான் செய்யறாங்க."

வண்டியே குலுங்கியது சிரிப்பில். சிவப்பு எண்களும் சேர்ந்து குலுங்கி, தொள்ளாயிரத்து முப்பதில் நின்றன. "ஒரு சக்கரத்துக்கு நானூத்தி அறுபத்தஞ்சு. முன்னாடி எந்தப் பிரச்சினையும் இல்ல" என்றாள் கிலோ. "பாத்தியா" என்றார் மச்சாண்டார், பரீட்சையில் பாதி மார்க் வாங்கிய சந்தோஷத்தில்.

வண்டி நகர்ந்து, முன் சக்கரங்கள் அந்தப் பக்கம் சிமெண்டில் இறங்க, பின் சக்கரங்கள் தட்டில் ஏறின. எல்லோரும் பலகையைப் பார்த்தார்கள். எண் ஓடி ஓடி அடங்கியது.

ஆயிரத்து நூற்று அறுபது.

கிலோ மடியில் அட்டவணையைப் பிரித்து வைத்தாள். "பாதி ஐந்நூத்தி எண்பது. உங்க முப்பத்திமூணுல இந்த டயர் தாங்குறது ஐந்நூத்தி நாப்பது. ஒரு சக்கரத்துக்கு நாப்பது கிலோ அதிகம். புக்ல இருக்கு, நீங்களே பாருங்க. முப்பத்தாறு வச்சாலும் அஞ்சு கிலோ இடிக்குது. டைல்ஸ் வேற ஒரே பக்கமா இருக்கு. முப்பத்தொன்பது வச்சா அறுநூத்திப் பத்து தாங்கும். அதுதான் சரி."

மச்சாண்டார் புத்தகத்தைக் கையில் வாங்கவில்லை. வாங்கினால் படிக்க வேண்டிவரும். மாமனார்தான் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

"நாப்பது கிலோ ஒரு விஷயமா?"

"நிக்கிற வண்டிக்கு இல்ல. இந்த வெயில்ல நூத்திப் பத்துல நாலு மணி நேரம் ஓடுற வண்டிக்கு விஷயம். காத்து பத்தாத டயர் ஒவ்வொரு சுத்துக்கும் மடங்கி மடங்கி நிமிருது. அப்படியே சூடேறி உள்ள பிரிஞ்சிடும்."

"முப்பத்தொன்பது வச்சா வெயில்ல வெடிச்சிடும். ஊர்ல யாரை வேணா கேளு."

"ஊர்ல யாரும் டயர் செய்யறதில்ல அத்தான்."

பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர் கார் வந்திருப்பதைப் பார்த்து, காற்றுக் குழாயை இழுத்துக்கொண்டே வந்து நின்றார். கிலோவை அவருக்குத் தெரியும். "எவ்வளவு வைக்கணும்மா?" என்று ஜன்னலில் குனிந்தார்.

"கையை வைக்காதய்யா" என்றார் மச்சாண்டார். "வண்டி என்னுது."

பஞ்சர் கடைக்காரர் ஒரு அடி பின்வாங்கினார். வண்டிக்குள் எல்லோரும் தங்கள் முழங்காலைப் பார்த்தார்கள்.

"சரி, காத்தை ஏத்த வேணாம்" என்றாள் கிலோ. "அப்ப எடையை இறக்குவோம். பின்னாடி எண்பது கிலோ இறங்கணும். மூணு பெட்டி டைல்ஸ்."

"டைல்ஸ் இறங்காது. தங்கச்சிகிட்ட எட்டுப் பெட்டின்னு சொல்லியாச்சு."

"அப்ப என்ன இறங்கணும்?"

மச்சாண்டார் பின்கண்ணாடியில் அவளைப் பார்த்தார். "உனக்கு பயமா இருந்தா நீ இறங்கிக்க. ஒருத்தருக்காக எல்லாரும் நிக்க முடியாது."

சொன்ன பிறகு, அவருக்கே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டதாகத் தோன்றியிருக்க வேண்டும், தொண்டையைச் செருமினார். ஆனால் சொன்னதைத் திரும்ப வாங்கும் பழக்கம் அவர் பரம்பரையில் இல்லை.

கிலோ கதவைத் திறந்தாள். இறங்கி, சீட்டை மடக்கி, பின்னாலிருந்த மகளின் கையைப் பிடித்தாள். பிள்ளையின் கண்ணில் நீர் முட்டி நின்றது. "இறங்கும்மா. அம்மா இருக்கேன்" என்றாள். இருவரும் இரும்புத் தட்டைத் தாண்டி சிமெண்டுத் தரைக்குப் போனார்கள்.

பலகையில் எண் தடுமாறிக் கீழே இறங்கி, நின்றது. ஆயிரத்து எண்பது.

கிலோ அதைப் பார்த்தாள். மனசுக்குள் பாதியாக்கினாள். மறுபடி பார்த்தாள். பிறகு வண்டியின் முன்னால் போய் நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி பேசினாள். அந்தக் குரலை வீட்டில் யாரும் கேட்டதில்லை. லாரிக்காரர்களுக்குத்தான் தெரியும்.

"பாத்துக்குங்க அத்தான். ஆயிரத்தி எண்பது. பாதி ஐந்நூத்தி நாப்பது. இப்ப உங்க முப்பத்திமூணு சரியா இருக்கு. ஒரு கிலோ அதிகமும் இல்ல, குறைச்சலும் இல்ல. நல்லபடியா போயிட்டு வாங்க."

வண்டிக்குள் இருந்தவர்களை ஒரு தடவை பார்த்துவிட்டு மேலே பேசினாள்.

"டைல்ஸுக்கு இடமிருக்கு. பெட்டி படுக்கைக்கு இடமிருக்கு. எனக்கும் என் பொண்ணுக்கும் மட்டும்தான் உங்க முப்பத்திமூணுல இடமில்ல. பன்னெண்டு வருஷமா இந்த வீட்டுல எனக்கு இது தெரியாமப் போச்சு. இன்னிக்கு மெஷினே எழுதிக் காட்டிடுச்சு."

அவளுக்கு அழுகை வரப் பார்த்தது. விடவில்லை. மகளின் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி அறை வாசலில் கிடந்த பெஞ்சில் போய் உட்கார்ந்தாள். வீட்டுக்கு மூன்று கிலோமீட்டர். நடந்தே போய்விடலாம் என்று முடிவு செய்துவிட்டாள். மகளை நாத்தனார் வீட்டுக்கு எந்த பஸ்ஸில் அழைத்துப் போகலாம் என்றுகூட யோசிக்கத் தொடங்கிவிட்டாள்.

கார்க் கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அவள் கணவன் இறங்கிக்கொண்டிருந்தான். இரண்டு லேஸும் ஒழுங்காகக் கட்டியிருந்தது.

"நீ எங்கடா?" என்றார் மச்சாண்டார்.

"கால் மரத்துப்போச்சுண்ணா" என்று பழக்கதோஷத்தில் ஆரம்பித்தவன், இரண்டு அடி வைத்த பிறகு நின்று திரும்பினான். "இல்லண்ணா. கால் நல்லாத்தான் இருக்கு. நான் இவங்களோட இருக்கேன்." தட்டைத் தாண்டி வந்து பெஞ்சில், மகளுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தான். கிலோ அவனைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அடக்கி வைத்த அழுகை வந்துவிடும். பலகையில் ஆயிரத்து முப்பது.

அடுத்தது ஓரகத்தி. கைப்பையை எடுத்துக்கொண்டு, புடவையைச் சரிசெய்துகொண்டு, அவசரமே இல்லாமல் இறங்கினாள். "நீயுமா?" என்றார் அவள் கணவர், நிஜமான அதிர்ச்சியோடு. "இந்தக் கலர் வேணாம் வேணாம்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா? அந்த டைல்ஸுக்குப் பக்கத்துல உக்காந்து சாகணும்னு எனக்கென்ன தலையெழுத்து?" தொள்ளாயிரத்துத் தொண்ணூறு.

கடைசியாக மாமனார். கண்ணாடிக் கூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "பெரியவனே, நான் சொல்றேன்னு தப்பா நினைக்காதே. அந்தப் பொண்ணு எடையில பொய் சொல்லி நான் பாத்ததில்ல. இந்த வீட்டுல எடையில பொய் சொல்றது நான் ஒருத்தன்தான்" என்று சொல்லிவிட்டு, கைப்பிடியைப் பிடித்து மூச்சு வாங்க இறங்கினார். போகிற போக்கில் கிலோவிடம், "டாக்டருக்குத் தெரிய வேணாம்" என்றார்.

தொள்ளாயிரத்து ஐம்பது.

இப்போது வண்டியில் மச்சாண்டாரும் எட்டுப் பெட்டி டைல்ஸும் மட்டும். எதிரே சிவப்பு எண் அசையாமல் நின்றது. ஐந்து பேரும் பெஞ்சில் நெருக்கி உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி பலகையைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். பிறகு கை நீட்டி, பக்கத்து சீட்டில் அப்பா விட்டுப்போன புத்தகத்தை எடுத்தார். அதைத் தலைகீழாகப் பிடித்திருந்ததை, கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்துத் திருப்பினார். ஒரு பக்கத்தில் விரலை வைத்து, வரி வரியாகக் கீழே இறக்கினார். விரல் ஓர் இடத்தில் நின்றது. அங்கேயே ரொம்ப நேரம் இருந்தது.

"என்னய்யா வேடிக்கை பாக்குற?" என்று பஞ்சர் கடைக்காரர் மேல் பாய்ந்தார். "பின்னாடி ரெண்டுக்கும் முப்பத்தொன்பது வை."

காற்று ஏறும் சத்தம் அந்த ஞாயிற்றுக்கிழமை அமைதியில் நன்றாகவே கேட்டது. "முன்னாடிக்கு?" என்றார் பஞ்சர் கடைக்காரர். மச்சாண்டார் பெஞ்சைப் பார்த்தார்.

கிலோ எழுந்து வந்தாள். "முன்னாடிக்கு முப்பத்திமூணே போதும்" என்றாள். "அத்தான் வச்சது அங்க சரிதான்." அவருக்குச் சலுகை காட்டுவதற்காகச் சொன்னதல்ல. உண்மை அதுதான், அதனால் சொன்னாள்.

எல்லோரும் பழைய இடத்தில் ஏறினார்கள். ஏறும்போது கிலோ எல்லோருக்கும் பொதுவாக ஒரு விஷயம் சொன்னாள். ஓடினால் டயர் சூடாகும், சூட்டில் காற்று தானாகவே மூன்று நாலு கூடும், அது இயல்பு, ஆறியிருக்கும்போது வைத்ததுதான் கணக்கு, வழியில் யாரும் பிடுங்கக் கூடாது. மச்சாண்டார் வானொலியின் சத்தத்தைக் கூட்டினார்.

இரண்டு மணி நேரம் வண்டி நன்றாக ஓடியது. வளைவுகளில் பின்பக்கம் ஆட்டம் காட்டவில்லை. மகள் பின்சீட்டில் தூங்கிப்போனாள். பாதி வழியில் பெட்ரோல் போட நிறுத்தினார்கள். வெயில் உச்சியில் இருந்தது. மச்சாண்டார் கால் நீட்டிக்கொள்வதாகச் சொல்லி இறங்கி, வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் பின்பக்கம் வந்ததும் ஆளைக் காணோம். குனிந்திருந்தார். கையில் காற்று அளக்கும் கேஜ் இருந்தது. அதை எப்போது சட்டைப் பையில் போட்டார் என்று யாருக்கும் தெரியாது.

"நாப்பத்திமூணு!" என்று அங்கிருந்து குரல் வந்தது. கொண்டாட்டமான குரல். "நான் சொன்னேனா இல்லையா? நாப்பத்திமூணுக்குப் போயிடுச்சு! கொஞ்சம் பிடுங்கி விட்டுடறேன்."

கிலோவின் கை கதவுப்பிடிக்குப் போனது. ஆனால் அவளுக்கு முன்னால், முன்சீட்டுக் கதவு திறந்தது. மாமனாரின் ஒரு கால் வெளியே வந்தது. அந்தப் பக்கம் ஓரகத்தியின் கதவும் திறந்தது. நடுவிலிருந்த கணவன், "கொஞ்சம் வழி விடுங்கண்ணி" என்றான். தூக்கம் கலைந்த மகள்கூட சீட் பெல்ட்டை அவிழ்க்கும் சத்தம் பின்னாலிருந்து கேட்டது.

மச்சாண்டார் நிமிர்ந்து, திறந்திருந்த கதவுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

"அதுக்குள்ள எதுக்கு எல்லாரும் இறங்குறீங்க? சும்மா எவ்வளவு இருக்குன்னு பாத்தேன்" என்றார். மறுபடி குனிந்து, வால்வின் மூடியை எடுத்து வைத்துத் திருக ஆரம்பித்தார்.

மூடி கடைசிச் சுற்றுவரை இறுகியதைப் பார்த்த பிறகுதான் கிலோ வெளியே வைத்த காலை உள்ளே எடுத்தாள்.